புள் இல்லாத கூண்டு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாளிதழ்களில் ஆண்டு தவறாமல் ஒரு செய்தி வரும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. படிக்கிறவர் அதைத் தாண்டி அடுத்த செய்திக்குப் போய்விடுவார். நாளை பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று தெரிந்தால் அவருக்குப் போதும். கடல் தொழிலுக்குப் போகிற வீடுகளில்தான் ‘எத்தனாம் நம்பர்?’ என்று இன்னொரு தடவை கேட்பார்கள்.

கூண்டு என்ற சொல்லைக் கேட்டு கிளிக்கூண்டு மாதிரி ஏதோ தொங்கும் என்று சின்ன வயதில் நினைத்தவர்களில் நானும் ஒருவன். உண்மையில் அது கொடிமரத்தில் ஏற்றும் கூம்பு, உருளை வடிவங்கள்தான். இரவானால் அவற்றின் இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 1, 2 என்றால் ஆபத்து தொலைவில் இருக்கிறது, துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பல்தான் யோசிக்க வேண்டும். 3, 4 என்றால் துறைமுகமே யோசிக்க வேண்டும். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்; வேறுபாடு திசையில். புயல் எந்தப் பக்கமாகக் கரை ஏறும், இடமா வலமா, அல்லது நேரே நம் தலைமேலா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். 8, 9, 10 அதையே பெரும் அபாயமாகச் சொல்லும். 11-ஐப் பிறகு பார்ப்போம். எழுத்தும் ஒலியும் இல்லாமல், வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்காலத்தைச் சொல்லும் சிறிய மொழி இது.

இந்தக் கூண்டைப் போன்றவற்றுக்கு அடைமொழியாக ஆங்கிலத்தில் அதிகம் புழங்காத ஒரு சொல் கிடக்கிறது: ஃபடிடிக். ‘வருவதை உரைக்கிற’ என்று அகராதி பொருள் தரும். லத்தீனிலிருந்து வந்தது. ஃபாட்டும் என்றால் விதி. டிக்கெரே என்றால் சொல்லுதல். விதியைச் சொல்கிற வாய், விதியைச் சொல்கிற மரம், விதியைச் சொல்கிற நாள். ரோமானியக் கவிஞர் வர்ஜில் தம் காவியத்தில் கார்மென்டிஸ் என்ற குறிசொல்லும் பெண்ணுக்கு இந்தச் சொல்லை அடையாக வைத்தார். ஆங்கிலத்தில் இன்று இதைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை; எழுத்தாளர்கள் எப்போதாவது எடுத்துத் துடைத்துப் பயன்படுத்துவார்கள். பிரெஞ்சில் இதே சொல் சர்வசாதாரணம்: கடன் கட்டவேண்டிய கடைசித் தேதியைக்கூட அப்படிச் சொல்வார்கள். ஸ்பானிய மொழிக்குப் போனபோது அது கெட்டதன் பக்கம் சாய்ந்து, ‘கேடு விளைவித்த’ என்ற பொருளில் நின்றுவிட்டது.

சொல்லின் உள்ளே போனால்தான் சுவாரசியம். ஃபாட்டும் என்பதன் நேர்ப்பொருள் விதி இல்லை, ‘சொல்லப்பட்டது’ என்பதே. பேசுதல் என்று பொருள்படும் ஒரு வினையின் முடிந்துபோன வடிவம் அது. அதே வினையிலிருந்துதான் குழந்தையைக் குறிக்கும் இன்ஃபன்ட் வந்தது: இன்னும் பேசாதது. கிரேக்கத்திலிருந்து வந்த புரோஃபெட் என்ற சொல்லின் நடுவில் இருக்கும் ‘ஃபெ’யும் இதே வேரின் தளிர். ஆக, விதி என்பது யாரோ எப்போதோ சொல்லிவைத்த வாக்கு. ஃபடிடிக் என்றால் சொல்லப்பட்டதைத் திரும்பச் சொல்கிற. ஐரோப்பிய மொழிகள் எதிர்காலத்தை நாக்கில் வைத்திருக்கின்றன.

தமிழ் அப்படி வைக்கவில்லை. விதி என்று நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்டதில் கட்டளை இருக்கிறது. நமக்கே உரிய ‘ஊழ்’ என்ற சொல்லில் பேச்சும் இல்லை, கட்டளையும் இல்லை. ஊழ்த்தல் என்றால் முதிர்தல், பழுத்தல். பூ ஊழ்க்கும், கனி ஊழ்க்கும், வினையும் ஊழ்க்கும். நாளை நடக்கப்போவது காம்பில் இன்றைக்கே பழுத்துக்கொண்டிருக்கிறது என்கிறது இந்தச் சொல். அதைத் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்லலாம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு முத்துக்குளித்துறைக் கரையோரமாக நடந்தால் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

முதலில் கோயில்கள். தூத்துக்குடியில் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஞாயிறன்று வாசிக்கும் வேதாகமத்தில் ஏசாயா ஒரு தீர்க்கதரிசி. தீர்க்கம் என்றால் நீளம், தொலைவு. தரிசி என்றால் பார்ப்பவர். தொலைவைப் பார்ப்பவர். பனிமய மாதா பேராலயத்தில் வாசிக்கும் திருவிவிலியத்தில், 1995-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில், அதே மனிதர் இறைவாக்கினர். அங்கே பார்வை போய் வாக்கு வந்துவிட்டது. காயல்பட்டினத்துப் பள்ளிவாசலுக்குப் போனால் நபி. அரபியில் ‘நபஃ’ என்றால் செய்தி. எபிரேயத்தின் ‘நாபி’யும் இதன் உடன்பிறப்பு. செய்தி கொண்டுவருபவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடிய நபி வரலாறு இந்த மாவட்டத்து எட்டயபுரத்தோடு பிணைந்தது. அவர் அடங்கியிருப்பதும் அங்கேதான். ஒரே கடற்கரையில் ஒரே வகை மனிதருக்குக் கண்ணை வைத்து ஒரு பெயர், வாயை வைத்து ஒரு பெயர், கையிலுள்ள ஓலையை வைத்து ஒரு பெயர்.

எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. இந்த மாற்றம் பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. சாமுவேல் முதல் நூலின் 9-ஆம் அதிகாரத்தில், தொலைந்த கழுதைகளைத் தேடிப் போகிற சவுலின் கதைக்கு நடுவே, எழுதியவர் ஓர் அடைப்புக்குறி போடுகிறார்: இப்போது நாபி என்று சொல்கிறவரை முன்காலத்தில் ‘பார்க்கிறவர்’ என்றுதான் சொல்வார்கள் என்று. கண்ணிலிருந்து நாவுக்கு இடம் மாறிய கதையை அந்தக் காலத்து அகராதிக்காரர் ஒருவர் குறித்துவைத்தது போல இருக்கிறது. கழுதை தேடப் போனவனுக்கு ராஜ்யம் கிடைத்தது தனிக் கதை.

நாவைப் பற்றிய பயம் நம்மிடமும் இல்லாமல் இல்லை. கடலுக்குப் புறப்படுகிறவரைப் பார்த்து ‘எங்கே போறீங்க?’ என்று கேட்கக்கூடாது. அவரும் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார், ‘வாரேன்’ என்பார். வீட்டைவிட்டு வெளியே போகிற மனிதன் வாயால் திரும்பி வந்துகொண்டிருக்கிறான். நல்லதைச் சொன்னால் ‘ஒன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்’ என்று வாழ்த்துவார்கள். கெட்டதைச் சொன்னவனுக்குக் கருநாக்கு என்பார்கள்; நாக்கில் கரும்புள்ளி இருந்தால் சொன்னது நடந்துவிடும் என்று நம்பிக்கை. ஃபடிடிக்குக்கு ஒரே சொல்லில் தமிழ் தேடுகிறவர்கள் கருநாக்கிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கௌரவமான சொல் இல்லைதான். ஆனால் உயிரோடிருக்கிற சொல்.

இவ்வளவு இருந்தும், பழந்தமிழ் நம்பியது வாயை இல்லை. காதை.

தொல்காப்பியம் வெட்சித் திணைக்குத் துறைகள் சொல்லும்போது விரிச்சி என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. போருக்குப் புறப்படும் முன் ஊர்ப்புறத்தில் போய் நின்று, யாரோ யாரிடமோ பேசுகிற பேச்சு தற்செயலாகக் காதில் விழுவதற்காகக் காத்திருப்பது. விழுந்த சொல் நல்லதாக இருந்தால் காரியம் நல்லது. இதன் முழுக் காட்சியையும் நப்பூதனார் முல்லைப்பாட்டில் வரைந்திருக்கிறார். 103 அடிகள், பத்துப்பாட்டில் மிகச் சிறியது. மழை பெய்த மாலை. போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. வயதான பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்குப் போய், தூவி, கும்பிட்டு, நிற்கிறார்கள். அங்கே இடைப்பெண் ஒருத்தி. குளிரில் தோள்களைக் கட்டிக்கொண்டு, தாயைக் காணாமல் சுற்றிச் சுற்றி வருகிற கன்றிடம் சொல்கிறாள்: கோவலர் ஓட்டிவர, உங்கள் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள் என்று. அவ்வளவுதான். பெண்கள் திரும்பி வந்து தலைவியிடம் சொல்கிறார்கள்: நல்ல சொல் கேட்டோம், உன் கணவன் வந்துவிடுவான்.

இதில் என்னை ஈர்ப்பது அந்த இடைப்பெண்தான். அவளுக்கு எந்தச் சக்தியும் இல்லை. தான் எதிர்காலம் உரைத்தோம் என்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விரிச்சி செல்லாது. முருகன் பூசாரியான வேலன் வெறியாடுவான், கழங்கு உருட்டுவான். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி சொல்வாள். அவர்கள் சொல்ல வந்தவர்கள். அகப்பாடல்களில் வேலன் சொன்ன குறி பெரும்பாலும் தப்பாகத்தான் போகிறது: பெண்ணுக்கு வந்தது காதல், அவன் முருகன் அணங்கியதாகச் சொல்லி ஆட்டை அறுக்கிறான்; தோழி வாய்க்குள் சிரிக்கிறாள். சொல்ல வந்தவன் வாக்குப் பொய்க்கும், சொல்லத் தெரியாதவள் வாக்குப் பலிக்கும் என்று சங்கப் புலவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்களோ என்று சந்தேகம் வருகிறது.

கிரேக்கர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. ஒடிசி காவியத்தின் 20-ஆம் பகுதியில் ஒடிசியஸ் விடியற்காலையில் ஓர் அறிகுறி கேட்கிறான். பன்னிரண்டு பெண்கள் மாவரைக்கும் வீட்டில், மற்றவர்கள் முடித்துவிட்டுத் தூங்கப் போக, உடல் மெலிந்த ஒருத்தி மட்டும் இன்னும் திரிகையைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். என் எலும்பை முறிக்கிற இந்தக் கூட்டத்துக்கு இன்றோடு விருந்து முடியட்டும் என்று அலுத்துக்கொள்கிறாள். அந்தக் கூட்டத்தை ஒழிக்கக் காத்து வெளியே நின்றவனுக்கு அது வாக்கு. அக்காயா நாட்டில் ஃபாரே என்ற ஊரின் சந்தையில் ஹெர்மிஸ் சிலை ஒன்று இருந்ததாம். சிலையின் காதில் கேள்வியைச் சொல்லிவிட்டு, இரு காதையும் பொத்திக்கொண்டு சந்தையைவிட்டு வெளியே வந்து கையை எடுக்க வேண்டும். முதலில் காதில் விழுவது பதில். சந்தை இரைச்சலில் எத்தனை பேருக்கு மீன் விலை பதிலாகக் கிடைத்ததோ.

பறவையும் இந்த வகையில் சேரும். தமிழில் புள் என்றால் பறவை, சகுனமும் அதுதான். சகுனம் என்ற வடமொழிச் சொல்லும் முதலில் பறவையையே குறித்தது. கிரேக்கத்தில் ஓர்னிஸ் இரண்டுக்கும் பொது. லத்தீனில் நல்ல சகுனத்துக்கான சொல்லே பறவை பார்த்தலிலிருந்து பிறந்தது. நான்கு மொழிகள், ஒரே எண்ணம்: பறவை தன் போக்கில் பறக்கிறது, நமக்காகப் பறக்கவில்லை, ஆகவே நம்பலாம். நிமித்தம் என்ற சொல்லும் அக்காலத்தில் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. இப்போது ‘அலுவல் நிமித்தமாகச் சென்னை சென்றார்’ என்று பயணப்படி விண்ணப்பத்தில் உட்கார்ந்திருக்கிறது. சொற்களுக்கும் ஊழ் உண்டு.

கண், வாய், காது பார்த்தாயிற்று. இந்தக் கரையில் கையால் தொட்டுச் சொன்ன ஆருடமும் ஒன்று நடந்திருக்கிறது. அதைச் சொன்னவை சிப்பிகள்.

மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் பாறைத் திட்டுகள் உண்டு. பார் என்பார்கள். தூத்துக்குடிக்கு நேரே இருக்கும் தொளாயிரம் பார் அவற்றில் பேர்போனது. அங்கேதான் முத்துச்சிப்பி ஒட்டி வளரும். கொற்கையின் செல்வமும், மார்க்கோ போலோ பார்த்த காயலின் செல்வமும் இந்தப் பாறைகளிலிருந்து வந்தவை. ஆனால் எந்த ஆண்டு சிப்பி இருக்கும், எந்த ஆண்டு இருக்காது என்பது யாருக்கும் பிடிபடாத கணக்கு. இலங்கைப் பக்கம் 1837-க்குப் பிறகு 1854 வரை முத்துக்குளிப்பே இல்லை. பிறகு திடீரென்று கொட்டும், மறுபடி மறைந்துபோகும்.

காரணம் சிப்பியின் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. முட்டை பொரிந்து வரும் இளவுயிர் சுமார் மூன்று வாரம் கடலில் மிதக்கிறது. நீரோட்டம் எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். ஒட்டும் பருவம் வரும் நேரத்தில் அடியில் பாறை இருந்தால் பிழைக்கும். மணல் இருந்தால் இல்லை. ஒட்டிய பிறகும் நிம்மதி கிடையாது. திருக்கை உடைத்துத் தின்னும், கிளாத்தி கொத்தும், நட்சத்திர மீன் உறிஞ்சும். சூரன் என்று கடலோடிகள் சொல்லும் இன்னொரு வகைச் சிப்பி பாய் விரித்த மாதிரி மேலே படர்ந்து மூச்சுமுட்ட வைக்கும். இத்தனையும் தாண்டி நான்கு ஆண்டு ஆனால் எடுக்கலாம். ஆறு ஆண்டுக்கு மேல் விட்டுவைத்தால் கிழடாகிச் செத்து, முத்தோடு அடியில் உதிர்ந்துபோகும். ஊழ்த்தல் என்ற சொல்லை இதைவிடப் பொருத்தமாகப் பயன்படுத்த இடம் கிடைக்காது. முந்திப் பறித்தால் பிஞ்சு. பிந்தினால் உதிர்வு.

ஆகவே அரசாங்கம் பதம் பார்த்தது. பாரைச் சோதிக்கும் அதிகாரி குளிகாரர்களை இறக்கிச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவரச் சொல்வார். கரையில் அவற்றை அழுகவிட்டு, அலசி, கிடைத்த முத்துகளை வியாபாரிகள் முன் கொட்டுவார்கள். துளையிட்ட பித்தளைச் சல்லடைத் தட்டுகளில் அளவு வாரியாகப் பிரித்து, ஆணிமுத்து முதல் தூள் வரை தரம் கண்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று மதிப்புச் சொல்வார்கள். அந்த எண்தான் வாக்கு. அது தேறினால் குளிப்புக்கு நாள் குறித்து அறிவிப்பு வரும். நாலாபுறமிருந்தும் தோணிகள் வரும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சமையலறையில் சொல்வதைக் கடலடிக்குக் கொண்டுபோனார்கள். புள்ளியியலில் இதற்குப் பெரிய பெயர் உண்டு.

இதே தொழிலில் பழைய ஆளும் கூடவே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கடல்கட்டி. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். மார்க்கோ போலோ காலத்திலேயே எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போனது. பகலில் கட்டுவார்கள், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். இரவில் திருட்டுத்தனமாக இறங்குகிறவனைச் சுறா பார்த்துக்கொள்ளும். காவல்காரன் சம்பளம் மிச்சம். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பக்கம் ஆங்கில அரசாங்கமே கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அந்தப் பரம்பரைக்காரர் அப்போது கத்தோலிக்கராகிவிட்டிருந்தார் என்று இலங்கையில் பணிபுரிந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரிக்கு மந்திரத்தில் நம்பிக்கை இருந்திருக்காது. ஆனால் கடல்கட்டி வராவிட்டால் குளிகாரர் இறங்கமாட்டார், அவர் இறங்காவிட்டால் வருமானம் இல்லை.

சிப்பியும் பொய்க்கும். அல்லது, சிப்பி சொன்னதற்கு மேல் கேட்டவர்கள் ஏமாந்தார்கள். 1902-இல் இலங்கை அரசு ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரை வரவழைத்தது. அவரோடு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் தங்கிவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களைப் பற்றி 1905-இல் அறிக்கை எழுதியவரும், பின்னாளில் சென்னை மாகாண மீன்துறைக்கு இயக்குநர் ஆனவரும் இவர்தான். அந்த 1905-இல் மன்னார்ப் பக்கம் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அதைப் பார்த்து மயங்கிய ஒரு லண்டன் கம்பெனி அடுத்த ஆண்டே 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. ஆண்டு வாடகை மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல். 1907-க்குப் பிறகு அள்ளுவதற்குச் சிப்பியே இல்லை; கம்பெனி கலைந்தது. ஆயிரம் சிப்பி அந்த ஆண்டைப் பற்றி மட்டும்தான் பேசியது. இருபது ஆண்டைப் பற்றிப் பேசியது பங்குதாரர்களின் ஆசை. தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளிப்பு நடந்து, அத்தோடு நின்றது. 1973-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமியும் குழுவினரும் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அதில் ஆருடத்துக்கு அதிக வேலை இல்லை. சிப்பியைத் திறந்து உள்ளே கருவை வைத்தவர்களே பிறகு வந்து எடுக்கிறார்கள்.

கூண்டுக்குத் திரும்புவோம். அதற்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. சார்லஸ் டார்வினை உலகம் சுற்றிக் கூட்டிப்போன பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், பின்னாளில் பிரிட்டனில் வானிலைப் பொறுப்பில் உட்கார்ந்தார். 1859-இல் ஒரு புயலில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் நூற்றுக்கணக்கானவர்களோடு கரையருகே உடைந்தது. அதற்குப் பிறகு தந்தி மூலம் பல ஊர் நிலவரத்தைச் சேகரித்து, 1861 முதல் துறைமுகங்களில் கூம்பும் உருளையும் ஏற்ற வைத்தார். இன்று தூத்துக்குடியில் ஏறுவது அவற்றின் வாரிசு. இந்தியாவுக்கு இந்த ஏற்பாடு 1864-இல் கல்கத்தாவைப் புயல் குலைத்துப்போட்ட மறு ஆண்டு வந்தது.

ஃபிட்ஸ்ராய்க்கு இன்னொரு சிக்கல் இருந்தது: இதை என்னவென்று அழைப்பது? ஆங்கிலத்தில் அப்போதிருந்த சொற்கள் எல்லாம் கோயில் வாசனையும் குறிசொல்லி வாசனையும் அடித்தன. இது தீர்க்கதரிசனம் இல்லை, கணக்குப் போட்டு வந்த கருத்து என்று வலியுறுத்தி, ‘ஃபோர்காஸ்ட்’ என்ற சொல்லை அவர் வானிலைக்கு நிலைநிறுத்தினார். அப்படியும் அந்த வாசனை விடவில்லை. தப்பினால் பத்திரிகைகள் கேலி செய்தன. அறிவியலாளர்கள் முகம் சுளித்தார்கள். 1865-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு எச்சரிக்கைகளை நிறுத்தினார்கள். கடலோடிகள் விடவில்லை, கேட்டுக் கேட்டு மறுபடி ஏற்ற வைத்தார்கள். நூற்றுக்கு நூறு சரியாக இருக்கவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை, கம்பத்தில் ஏதாவது தொங்கினால் போதும் என்றிருந்தார்கள்.

தமிழில் வானிலை முன்னறிவிப்பு என்கிறோம். அதன் வினைச்சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? ‘பெய்யக்கூடும்’, ‘வாய்ப்புள்ளது’, ‘ஓரிரு இடங்களில்’. வெறும் ‘பெய்யும்’ என்பதே தமிழில் ஏற்கெனவே அடக்கமான வினை. ஐப்பசியில் மழை பெய்யும் என்றால் வழக்கம், நாளை மழை பெய்யும் என்றால் எதிர்காலம், வடிவம் ஒன்றுதான். வழக்கமாக நடப்பது நாளையும் நடக்கும் என்பதற்கு மேல் இந்த வினை எதையும் வாக்களிப்பதில்லை. அந்த ‘உம்’முக்கும் பயந்து ‘கூடும்’ சேர்க்கிறது வானிலை மையம்.

தீர்க்கதரிசிகள் இதற்கு நேரெதிர். அவர்கள் இறந்தகாலத்தில் பேசுவார்கள். கிறிஸ்துமஸ் நாளில் வாசிக்கப்படும் ஏசாயா 9-ஆம் அதிகாரத்தில், எபிரேய மூலத்தில், வரப்போகிற குழந்தை ஏற்கெனவே பிறந்தாயிற்று. எபிரேய இலக்கணக்காரர்கள் இதைத் ‘தீர்க்கதரிசன இறந்தகாலம்’ என்றே பெயரிட்டுப் பேசுவார்கள். தமிழ் இலக்கணக்காரர்களுக்கு இதில் வியப்பே இல்லை. வராத காலத்தை விரைவு கருதி வந்த காலமாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். பந்தியில் இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டால், இன்னும் சட்டைகூடப் போடாதவன் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறானே, அதுதான். இந்தக் காலவழுவமைதிக்கு நன்னூல் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்றும் காரணங்களைக் கூட்டுகிறது. தெளிவுக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் எறும்பு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால், மழை ‘பெய்யும்’ இல்லை, ‘பெய்தது’. மேகம் இன்னும் திரளவில்லை, மழை பெய்து முடிந்துவிட்டது. இங்கும் பாருங்கள், எறும்பு யாருக்கும் எதையும் சொல்ல வரவில்லை.

எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதி, சுதந்திரப் பள்ளில் விடுதலையை அடைந்தாகிவிட்ட ஒன்றாகப் பாடி ஆடச் சொன்னார். 1921-இல் இறந்துபோனார். நாடு அதை அடைந்தது 1947-இல். இதை வைத்து அவரைத் தீர்க்கதரிசி என்று மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. தொலைவைக் கண்ணால் பார்த்தவர் என்பதைவிட, காலவழுவமைதியைத் துணிந்து கையாண்டவர் என்று சொல்லத் தோன்றுகிறது. தெளிவு இருந்தால் எதிர்காலத்தை இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று இலக்கணம் தந்திருந்த உரிமையை, எறும்புக்கும் மழைக்கும் மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்த உரிமையை, ஒரு நாட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

கம்பத்துக் கூண்டுக்கு அந்தத் துணிவு கிடையாது. அதற்கு வினைச்சொல்லே இல்லை, எண் மட்டும்தான். பார்க்கிறவர் கரையில் இருக்கவும் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் உருவானபோது தென்கரையின் ஆழ்கடல் மீனவர் பலர் நாள்கணக்கில் கடலுக்குள் இருந்தார்கள். கரையில் எத்தனாம் எண் ஏறியது என்பது அவர்களை எட்டவில்லை. ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்.

மிச்சம் வைத்த 11-ஆம் எண்ணுக்கு வருகிறேன். 1 முதல் 10 வரை ஒவ்வொன்றும் புயலைப் பற்றிய செய்தி: எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு. 11 புயலைப் பற்றிப் பேசுவதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, உள்ளூர் அதிகாரி நிலைமை மோசமாகும் என்று கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். தகவல் வரவில்லை என்பதே அப்போது தகவல். மையத்தில் இருப்பவர் பார்த்திருக்கலாம், சொல்லியும் இருக்கலாம். கம்பி வழியே எதுவும் வந்து சேரவில்லை. அந்த நேரத்தில் துறைமுக அதிகாரி செய்யக்கூடியது ஒன்றே. வெளியே வந்து நின்று, காற்றைக் காதால் கேட்டு, கம்பத்தில் அதை ஏற்றிவிடுவது.